அத்தாட்சி கேட்ட ராவுத்தர்

ராமமூர்த்தியின் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்த பிறகும் முகைதீன் பிச்சை ராவுத்தருக்குத் திருப்தி வரவில்லை.

“விமானப் படையிலதான் வேலை பார்த்தீங்களா? விசாரிச்சா சொல்லுவாங்களா?”

ராமமூர்த்திக்குச் சுருக்கென்றது. “தாராளமா விசாரிங்க. பழைய இரும்புக்கு விலை சொல்ல இம்புட்டு விசாரணையா ராவுத்தரே?”

“போன மாசமே விசாரிச்சுட்டேன். ஆளையும் பார்க்கணும்ல?”

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருடம். ராமேஸ்வரம் கடலில் வலையில் சிக்கிய போர் விமானத்தை ராவுத்தர் விலைக்கு வாங்கி, லாரியில் மதுரைக்குக் கொண்டுவந்திருந்தார். இரும்புக் கடையில் இறக்காமல் வீட்டுக் கொல்லையில் போட்டிருந்தார்.

ராமமூர்த்தி தட்டிப் பார்த்தார். “லாரிக் கூலிகூடத் தேறாது.”

“அதை விடுங்க சார். ஓட்டினவன் குதிச்சுத் தப்பிச்சிருப்பானா?”

கொல்லைக் கதவின் திரை லேசாக அசைந்தது.

ராமமூர்த்தி உடைந்த கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். “மேல்மூடி உள்பக்கம் பூட்டினபடியே இருக்கு. பாராசூட்டும் சீட்டுலயே கிடக்கு. குதிக்கலை. உடம்பைக் கடல் கொண்டுபோயிருக்கும்.”

“நிச்சயமா?”

“எந்தக் கோர்ட்டுலயும் சொல்லுவேன்.”

“காஜியார்கிட்ட சொன்னாப் போதும் சார். வால்ல இருக்கிற நம்பர் என் மகன் ஜலால் ஓட்டின விமானத்தோடது. விவரம் தெரிஞ்ச சாட்சி இல்லாம அவன் மௌத்தாயிட்டான், உசுரோட இல்லைன்னு ஏத்துக்க மாட்டேங்கிறாரு. என் மருமக சின்னஞ்சிறுசு, மறுபடி நிக்கா முடிச்சு வைக்கணும். எம்புட்டு நாளைக்கு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும்?”

ராவுத்தர் திரையின் பக்கம் திரும்பினார். “சைனப், கேட்டியாம்மா?”

உள்ளே அவள் கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணி அறுந்து சிதறியது. திரைக்கடியில் உருண்டு வந்த ஒரு மணி, ராமமூர்த்தியின் காலடியில் நின்றது.