எட்டிப் பார்க்கும் வேலை

வியாழக்கிழமை காலை எட்டேகால். அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் போலீசுக்குத் தலைவரான ஷெரீப் பதவியில் இருந்த பர்விஸ் தன் மேசையில் அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே ஹோலிஸ் கிராடி நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பெட்ரோல் பங்க் வாசல்ல மூணு பேர் சேந்து என் பேரனை அடிச்சிருக்கானுங்க. தாடை ரெண்டாப் போச்சு. நீங்க கைகலப்புன்னு எழுதி வச்சிருக்கீங்க!"

"மூணு பேரையும் பிடிச்சு உள்ள வச்சிருக்கோம், சார்."

"கறுப்பன் கறுப்பன்னு சொல்லிச் சொல்லி அடிச்சிருக்கானுங்க. பெட்ரோல் போட வந்த பொம்பளை காதால கேட்டிருக்கா."

"கேட்டாங்க. எங்கிட்டயும் சொன்னாங்க."

"அப்ப அதை எழுதறதுக்கென்ன? போலீஸ்னு எதுக்கு இருக்கீங்க? கடலை திங்கவா?"

ஷெரீப் இன்னொன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். மேசையில் கிராடி வைத்திருந்த பேரனின் புகைப்படத்தை ஈர விரலால் தன் பக்கம் திருப்பினார். மாநிறம், சுருட்டை முடி. மோவாய் மட்டும் அப்படியே கிராடி.

"வருஷா வருஷம் உங்க குடும்பப் படம் போட்டு இந்த ஆபீசுக்குக் கிறிஸ்துமஸ் கார்டு வருது. இந்தப் பையனை அதுல பாத்ததில்லையே?"

கிராடியின் கழுத்து சிவந்தது. "என் மக அவளுக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா. அதெல்லாம் ஊருக்கெதுக்கு? பையன் என் ரத்தம்."

"சரி, சார்."

"செவ்வாய்க்கிழமை ராத்திரி அடிச்சிருக்கானுங்க. நான் தலைநகர்ல இருந்தேன். நேத்துதான் சொன்னாங்க, கெளம்பி ஓடி வரேன். யார்கிட்ட பேசறீங்கன்னு தெரியுதா இல்லையா?"

"தெரியுது, சார். அதனாலதான் உக்காரச் சொன்னேன்."

"எத்தனை வருஷம் உள்ள இருப்பானுங்க?"

"ஆறு மாசம். நல்ல வக்கீல் கெடைச்சா அதுவும் இல்ல."

கிராடி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"அவன் இனிமே வாயைத் தொறந்து சாப்பிட ரெண்டு மாசமாகும், பர்விஸ். அவன் யாரையும் ஒரு வார்த்தை பேசல. தோலைப் பாத்து அடிச்சிருக்கானுங்க. அதை எழுதுங்க. அதுக்கும் சேத்து உள்ள தள்ளுங்க."

"எழுதினாலும் ஒரு நாள்கூடச் சேராது, சார். வெறுப்புல அடிச்சா கூடுதல் தண்டனைங்கற சட்டம் நம்ம மாநிலத்துல இல்ல."

"ஏன் இல்ல?"

ஷெரீப் கடலைத் தோலையெல்லாம் காகிதக் கோப்பைக்குள் தள்ளினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"அடின்னா அடிதானாம். அடிச்சவன் மனசுக்குள்ள எட்டிப் பாக்கறது போலீஸ் வேலை இல்லையாம்."

கிராடி மேசையில் ஓங்கிக் குத்தினார். புகைப்படம் கீழே விழுந்தது.

"எந்த மடையன் சொன்னான்?"

ஷெரீப் குனிந்து படத்தை எடுத்து, தூசியைத் தட்டி, அவர் கையில் கொடுத்தார்.

"அந்தச் சட்டம் வேணாம்னு செவ்வாய்க்கிழமை சபையில நீங்கதானே வாசிச்சீங்க, செனட்டர்?"