ஆமாம், அதுதான்

எழிலரசு எழுதுகிறார்…

திரையின் மேலே மறுபடியும் அந்த வரி.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். ரசம் சோறு பாதியில் ஆறியது. உச்சிவேளையில் முனி நடமாடும் என்பார்கள். வாட்ஸ்அப்பிலுமா?

எழிலரசு இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

புதுக்கோட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். சாமியும் இல்லை, பூதமும் இல்லை, செத்தால் அவ்வளவுதான் என்று வாழ்ந்தவர். சொன்னபடியே உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சங்கு இல்லை, சடங்கு இல்லை, காக்கைக்குச் சோறும் இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் எழுதுகிறார்.

குழுவின் பெயர் 'கேட்டுப் பேசு'. எல்லா மதத்தாரும், மதமே வேண்டாம் என்பவர்களும் மதத்தைப் பற்றிப் பேசுகிற இடம். நடத்துகிறவள் அவள். ஆரம்பத்தில் ஒரு பிரியாணிப் படத்துக்கே பெரிய போர் நடந்தது. அதன் பிறகுதான் அந்த விதியைக் கொண்டுவந்தாள்.

அடுத்தவர் சொன்னதை முதலில் உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். அவர் 'ஆமாம், அதுதான்' என்று சொன்ன பிறகே பதில் சொல்லுங்கள்.

பாதிச் சண்டை அங்கேயே அடங்கியது. எதிராளி சொன்னதை ஒழுங்காகத் திருப்பிச் சொல்கிறவனுக்குச் சண்டை போட மனம் வருவதில்லை.

கடவுளை நம்பாத எழிலரசுதான் அந்த விதியை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை ஒரு பாதிரியார் 'ஆமாம்' சொல்ல மறந்து வெளியூர் போய்விட்டார். அவர் திரும்பும்வரை எழிலரசு வாயைத் திறக்கவில்லை.

தை மாதத்தில் அவளே ஒரு கேள்வி போட்டாள். யாருக்காகவோ கேட்பதுபோல.

இறந்தவருக்காகச் செய்கிற வழிபாடு அவரைப் போய்ச் சேருமா?

பாத்திமுத்து இறந்தவருக்காக இறைவனிடம் கேட்கும் துஆவைப் பற்றி எழுதினார். ஜோஸ்பின் கல்லறைத் திருநாளைப் பற்றி எழுதினார். மாணிக்கவாசகம் அமாவாசைத் தர்ப்பணத்தைப் பற்றி எழுதி எள்ளின் படத்தையும் போட்டார்.

எழிலரசு மட்டும் இப்படித் திருப்பிச் சொன்னார்.

'நீங்கள் கேட்பது வழிபாட்டைப் பற்றி இல்லை. உங்கள் உயிருக்கு உயிரான ஒருவர் போய்விட்டார். அவர் இப்போது பயப்படாமல் இருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். சரியா?'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

மகளைப் பற்றிக் குழுவில் அவள் ஒரு சொல் சொன்னதில்லை. கல்லூரிக்குப் போன பிறகும் இருட்டைக் கண்டால் நடுங்கிய பெண். மகள் இறந்த நாள் முதல் அந்த அறையின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. இந்த வீட்டுக்கு வெளியே அது யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் இப்போது வேறு யாரும் இல்லை.

'ஆமாம், அதுதான்' என்று அவள் எழுதவில்லை.

எழுதினால் அவர் பதில் சொல்லிவிடுவார். என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். யாரும் எங்கும் இல்லை என்பார். அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. தன் விதியைக் கொண்டே அவர் வாயைக் கட்டினாள்.

அவர் காத்திருந்தார். காத்திருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார்.

செய்தி வந்ததும் அவளுக்கு வந்தது அழுகை இல்லை. நிம்மதி. சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

இப்போது தினமும் இந்த வேளையில் எழுதுகிறார். சற்று நேரம் எழுதுவார். நின்றுவிடும். ஒன்றும் வராது.

மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள். இது எனக்கு மட்டும் தெரிகிறதா என்று ஜோஸ்பின் கேட்டார். ஆவியும் ஆத்மாவும் உண்டு என்று ஆண்டுக்கணக்காக வாதாடியவர்கள் அத்தனை பேரும் கப்சிப்.

நேற்று எழிலரசின் மகளை அழைத்துக் கேட்டாள்.

"அப்பா போனா? அன்னைலருந்து ஆஃப்லதான்க்கா கெடக்கு. சிம்மக் கழட்டிட்டு பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். ஏங்க்கா?"

அவள் ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

அவரைக் குழுவிலிருந்து நீக்க ஓர் அழுத்தல் போதும். விரல் அந்தப் பெயர் மேல் போய் நின்றது.

செத்தால் அவ்வளவுதான் என்ற மனிதர். அது சரியா தப்பா என்று இப்போது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்ல முடியாமல் நிற்கிறார். அவள் போட்ட விதி அப்படி.

மகள் இருட்டில் தனியாக நிற்பதை அவள் நினைத்தாள். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

பெயரை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். தை மாதத்துச் செய்தியைத் தேடிப் பிடித்தாள். அதன் அடியில் எழுதினாள்.

ஆமாம், அதுதான்.

மேலே இருந்த வரி மறைந்தது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் உப்பு விற்கிறவர் கூவிக்கொண்டு போனார்.

பதில் வந்தது.

'அந்த அறை விளக்கை இனி அணைத்துவிடலாம்.'

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தின் கோடியில் மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. கதவடியில் மஞ்சள் கோடாக வெளிச்சம்.

மகளுக்குப் பயமில்லை, அதனால் அணைக்கலாம் என்கிறாரா? யாருமே இல்லை, அதனால் அணைக்கலாம் என்கிறாரா?

கேட்டுவிட வேண்டும். ஆனால் அதற்கு முன் அவர் சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

எழுதத் தொடங்கினாள்.

நீங்கள் சொல்வது, என் மகள் இப்போது

விரல் அங்கேயே நின்றது.

எழிலரசு காத்திருந்தார்.