விதிக்கு ஒத்துவராத டாங்க்

"இந்தத் தடவையும் போட்டிக்காரா தள்ளிட்டாளா?" என்று கேட்டார் மஹாதேவன், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

பத்மஜா செல்போனை நீட்டினாள். 'உங்கள் என்ட்ரி விதிமுறைக்கு ஒத்துவராததால் முதல் சுற்றிலேயே நிராகரிக்கப்படுகிறது.' அவ்வளவுதான்.

"எந்த விதிக்காம்?"

"அதைப் போடலை."

சின்ன அளவில் கையால் செய்யும் ராணுவ மாடல்களுக்கென்றே ஒரு சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டி அது. முதலில் போட்டோ அனுப்ப வேண்டும். தேறினால்தான் மாடலை மண்டபத்துக்கு எடுத்துப்போய் மேஜையில் வைக்கலாம். போன வருஷம் அவள் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துவிட்டு நடுவர் கர்னல் சுந்தரராஜன் போனிலேயே கூப்பிட்டார். டாங்க் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். "பொம்மை அழகா இருக்கும்மா" என்றார். திட்டியிருந்தால் கூட மறந்திருப்பாள். அந்த 'பொம்மை', பாதி விழுங்கிய மாத்திரை மாதிரி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"விடு பத்மா. கிடர்பூர் துறைமுக ஆபீஸ்ல எங்க சீஃபும் இப்படித்தான். ஃபைலைத் திறக்காமலே திருப்பி அனுப்புவார். அடுத்த வருஷம் ஒரு கப்பல் பண்ணு. போர்ட்காரன் பொண்டாட்டிக்குப் பொருத்தமா இருக்கும்."

"கிண்டலா?"

"பாதிதான். மீதி ஆறுதல்."

"அந்த மீதியைக் காப்பியில கலந்து நீங்களே குடிங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார். பத்மஜா விளக்கைப் போட்டு, மாடலின் முன்னால் உட்கார்ந்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷப் போரில் வங்கத்து ஆறுகளை நீந்திக் கடந்த டாங்க் ரகம் அது. பெட்டியில் வந்தபோது வெறும் பச்சை பிளாஸ்டிக் துண்டுகள். பீரங்கிக் குழலே இரண்டு பாதி. ஒட்டினால் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடுதான் போன வருஷம் அவளைக் காட்டிக்கொடுத்தது. இந்தத் தடவை பட்டி வைத்து, உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, விரலால் தடவி, மறுபடி தேய்த்து, விரல் நுனியே வழவழத்துப்போனது. கடுகை விடச் சின்னதான ஒரு கொக்கி இடுக்கியிலிருந்து தெறித்து ஓடி, வீடு முழுக்கத் தேடியபின் அவள் புடவைக் கரையிலேயே கிடைத்தது. மழைக்காலம் வந்ததும் வார்னிஷ் காயாமல் பால் பூத்த மாதிரி வெளுத்தது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து பூசினாள். டாக்குரியா ஏரிக்கரை மண்ணைக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்து, பசையில் குழைத்துச் சேறு அப்பினாள்.

பிறகு ஒரு காலையில், தூரிகையில் இருந்த சாயத்தைத் துணியில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, மிச்சத்தை விளிம்புகளில் லேசாக உரசியபோது, பிளாஸ்டிக் இரும்பாகிவிட்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தொட்டால் சில்லென்று இருக்குமோ என்று ஒரு நொடி கையை இழுத்துக்கொண்டாள். அந்த நொடியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "உனக்கு நல்ல பொழுதுபோக்குதான்" என்பார்கள்.

இப்போது அதே இரும்பில் குற்றம் தேடினாள். குழலில் கோடு இல்லை. சக்கரங்களைச் சுற்றிய செயின் அவற்றின் மேல் சரியாகத் தொய்ந்திருந்தது. புகைக்குழாயைச் சுற்றி, இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கரி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். குற்றமே கிடைக்கவில்லை.

அதுதான் பயமாக இருந்தது. தெரிந்த தவறென்றால் திருத்திக்கொள்ளலாம். நன்றாக வந்திருக்கிறது என்று தன் கண் சொல்வதே தவறென்றால்?

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல மெல்ல அந்தப் பயம் கோபமாகி, கோபமும் வடிந்து, உள்ளே ஒரு நிதானம் வந்து உட்கார்ந்தது. இல்லை, இது நன்றாகத்தான் இருக்கிறது. யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும்.

மாடலை எடுத்து ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மறு கையால், இந்த வருஷமும் நடுவராக இருந்த கர்னலின் நம்பரைப் போட்டாள். கெஞ்சுவதற்காக அல்ல. எந்த விதி என்று தெரிந்துகொள்ள.

"சார், நான் பத்மஜா மஹாதேவன்."

"நீங்களே பேசறீங்களா? தைரியம்தான்!" குரல் அணிவகுப்பு மைதானத்துக்கானது. "உங்ககிட்ட இதை நான் எதிர்பார்க்கலை, மேடம்."

"எந்த விதியை மீறினேன்னு மட்டும் சொல்லிடுங்கோ சார்."

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! போன வருஷம் உங்க வேலை சுமார். ஒத்துக்கறேன். அதுக்காக இப்படிக் குறுக்கு வழியில போகணுமா?"

பத்மஜாவுக்குக் காது சுட்டது. "நான் எந்தக் குறுக்கு வழியிலயும் போகலை."

"யார்கிட்ட சொல்றீங்க? முப்பது வருஷம் டாங்க்குள்ளயே வாழ்ந்தவன் நான். சேறு காய்ஞ்சா எப்படி வெடிக்கும், கரி எங்கே படியும், செயின் எவ்வளவு தொய்யும், எல்லாம் எனக்கு அத்துப்படி. மாடலோட போட்டோ கேட்டா, நிஜ டாங்கைப் போட்டோ எடுத்து அனுப்பறதா? யார் பர்மிஷன் குடுத்தா? இப்ப எந்த முகாம்ல நிக்குது அது?"

பத்மஜா குனிந்து, கையில் ஏந்தியிருந்ததைப் பார்த்தாள்.

"என் உள்ளங்கையில சார்" என்றாள்.