தாள் நிறைய ஒரு சொல்

மனம் மறந்ததைக் கை மறக்காது என்று முதன்முதலில் நிரூபித்தவள் மூளை ஆய்வாளர் எஸ்தர். அவள் பெயரை அடித்துவிட்டு அதைத் தன் பெயரில் வெளியிட்டவர் அவளுடைய பேராசிரியர் தணிகாசலம். நாற்பது வருடம் கழித்து, நினைவு அழிந்து, அவளிடமே சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். தினமும் பேனாவைக் கொடுத்து ஒரே சொல்லைத் தாள் நிறைய எழுதவைத்தாள்.

“நீங்க யாரும்மா?” என்று தினமும் புதிதாகக் கேட்பார்.

“அது கெடக்கட்டும் சார், எழுதுங்க.”

அவருடைய பாராட்டு விழாவில் புத்தகங்களை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் கை தயங்கவே இல்லை. முன்வரிசையில் எஸ்தர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எஸ்தர்னு போட்டிருக்கீங்களே, யாரு சார் அது?” என்றார் முதலில் நின்றவர்.

“தெரியலையே” என்றபடி அடுத்த புத்தகத்தை வாங்கி, அதையே எழுதினார்.