ரெட்டைப்பல்லின் கடி

முதல் அடியில் சலூன் கண்ணாடி போயிற்று. இரண்டாவது அடி சலூன்காரரின் தோளில் விழுந்தது. தோள் தானாகக் கூடிவிடும், கண்ணாடி கூடாதே என்று அந்த வலியிலும் அவருக்குத் தோன்றியது.

அடித்தவர் எதிர்வரிசையில் பீரோ செய்யும் பட்டறை முதலாளி. வலது கையில் இரும்புக் கம்பி. இடது கையில் நீலச் சட்டை கிழிந்து ரத்தத்தோடு ஒட்டியிருந்தது.

உன் மச்சான் என்னை நாய் மாதிரி கடித்துவிட்டான், அவனை வெளியே அனுப்பு என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

மச்சானுக்கு அந்தப் பட்டறையில்தான் வேலை. அங்கே அவனுக்கு ரெட்டைப்பல் என்று பேர். வாயில் மொத்தமே இரண்டு பல், இரண்டும் ஆணிக் கூர். தலைமுடியை உட்கார்ந்து எண்ணிவிடலாம். வியர்வை ஒரு சொட்டு வராது. கருவிலேயே ஒரு மரபணு பிசகியதில் பல், முடி, தோல் மூன்றும் பாதி வேலையில் நின்றுவிட்டன, அம்மா வழியில் வந்தது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முடிவெட்டுகிறவனுக்கு வாய்த்த மச்சானைப் பார் என்று சலூன்காரரே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார். அடுத்தவர் சிரித்தால்தான் பிடிக்காது.

இப்போது அந்த மச்சான் பின்னறையில் ஈரப் போர்வைக்குள் கிடந்தான். உடம்பு அடுப்பாய்க் கொதித்தது. வெயில் தாங்கலை என்று மட்டும் சொல்லி அவன் அக்கா, சலூன்காரரின் மனைவி, தூக்கி வந்து போட்டிருந்தாள்.

மிச்சத்தை முதலாளியே சொன்னார். இவனுக்கு வேர்க்கவே வேர்க்காதாமே, பார்ப்போம் என்று பெயின்ட் காயவைக்கும் சூட்டறையில் பூட்டினாராம். சும்மா, விளையாட்டுக்கு. திறந்ததும் பாய்ந்து கடித்தானாம்.



இருபது வருஷமாக யார் கழுத்திலும் ஒரு கீறல் போடாத கை, முதலாளியின் சட்டையைப் பிடித்துச் சுவரில் அறைந்தது. மூக்கு உடைந்தது. கம்பி உருண்டது. சவரக்கத்தி தொண்டைக்குழியில் போய் நின்றது.

ஒரு இழுப்பு போதும்.

முதலாளி தடுக்கக் கையைத் தூக்கினார். கிழிந்த சட்டை விலகியது.

கடி கண்ணுக்கு நேரே இருந்தது. இரண்டு ஓட்டை இல்லை. பிறை மாதிரி வரிசையாகப் பல் பதிந்திருந்தது. முன்வரிசையில் ஒரே ஒரு பல்லுக்கு மட்டும் இடம் காலி.

சலூன்காரர் கத்தியைத் தொண்டையிலிருந்து விலக்கினார். சவரம் முடித்து மீசை சரியா என்று கேட்கிற அதே குரலில், காதோரம் குனிந்து கேட்டார்:

"அண்ணே, கடிச்சது யாருன்னு நான் சொல்லட்டா, இல்ல நீங்களே சொல்லிடறீங்களா?"

முதலாளி வாசலில் கூடியிருந்த தன் ஆட்களைப் பார்த்தார். கிழிசலை இழுத்துக் காயத்தை மூடினார். கம்பியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

பின்னறையில் மச்சான் கண் திறந்திருந்தான். அக்கா அவன் நெஞ்சில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பிசகு அவளையும் முழுதாக விட்டுவைக்கவில்லை. ஒரே ஒரு முன்பல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. அவள் முதன்முதலில் சிரித்த அன்று, அந்தச் சந்தில்தான் சலூன்காரர் விழுந்தார்.

"போயிட்டானா?" என்றாள், நிமிராமல்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் உதட்டோரம் ஒட்டியிருந்த நீல நூலை எடுத்துவிட்டார்.