அட்டையைக் காட்டினால்தான் எண்ணெய்

"அட்டையைக் காட்டும்மா."

வந்தவளை உட்காரு என்றுகூடச் சொல்லவில்லை அந்த ஆயுர்வேத வைத்தியர். தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"எந்த அட்டை?"

"கீமோ ஏத்துறதுக்கு ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே, ஆறு கட்டம் போட்டு. அது."

அந்த அட்டையை மறக்கத்தான் அவள் இங்கே வந்ததே. மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து மூணு கீமோவும் ஆயிற்று. முடி கொட்டினது கொட்டட்டும். வாயெல்லாம் புண். விரல் மரத்துப்போய் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. இனி ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். வெளியே வண்டியோடு காத்திருக்கும் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

வேண்டாவெறுப்பாக அட்டையை நீட்டினாள். மூணு கட்டத்தில் முத்திரை. மூணு காலி.

"நாலாவது எப்போ?"

"அதை விட்டுட்டு, உங்க மருந்தையே சாப்பிடலாம்னு..."

"இந்த வியாதிக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. கை காலுக்குத் தேய்க்க எண்ணெய், வாய் கொப்பளிக்கக் கஷாயம், அவ்வளவுதான். ரெண்டுலயும் என்னென்ன இருக்குன்னு எழுதித் தரேன். உன் டாக்டர் பார்த்து சரின்னு சொன்னாத்தான் தொடணும். இது முதல் புட்டி. அடுத்த முத்திரையைக் காட்டு, அடுத்த புட்டி தரேன்."

வாசலைத் தாண்டும்போதே அவள் பொரிந்து தள்ளினாள். "இவரு வைத்தியரா, வாட்ச்மேனா?"

"மெல்லப் பேசு, காதுல விழப்போகுது" என்றார் வீட்டுக்காரர்.

"நல்லா விழட்டும்."

எண்ணெய்க்காக மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வைத்தியர் எழுதித் தந்த சீட்டை டாக்டர் படித்துப் பார்த்தார். "தாராளமா செய்யுங்க. நிறைய பேர் எங்ககிட்ட மறைச்சுத்தான் செய்வாங்க. நீங்க கேட்டீங்களே, சந்தோஷம்."

வீட்டுக்காரர் வேலை விட்டு வந்ததும் அவள் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிட்டார். பல நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அசந்து தூங்கினாள். புட்டி பத்தே நாளில் காலி. திரும்பப் போனால் அதே பாட்டு.

"அட்டையைக் காட்டும்மா."

அந்த எண்ணெய்க்காகவே நாலாவதுக்குப் போனாள். ஐந்தாவதுக்கும் போனாள். ஆறாவதுக்கு, அந்த மனுஷனை வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனாள்.

சில மாசம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி திரும்பி வந்த சுவடே இல்லை என்றார் டாக்டர். விரலும் கொஞ்சம் கொஞ்சமாய் வழிக்கு வந்தது. அந்த விரலால் தைத்த முதல் சட்டையை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாள்.

"ஐயா, உங்க எண்ணெய்தான் என்னைக் காப்பாத்துச்சு."

"அப்படிச் சொல்லாதம்மா. காப்பாத்தினது ஆஸ்பத்திரி. எண்ணெய் சும்மா துணைக்கு வந்துச்சு."

"அப்போ திட்டினதுக்காவது இதை வாங்கிக்கங்க. என்னென்ன திட்டியிருக்கேன் தெரியுமா?"

"வாட்ச்மேன் மட்டும் காதுல விழுந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வைத்தியர் சட்டையை விரித்து, பட்டன் தையலைத் தடவிப் பார்த்தார். "பிரமாதம். ஆனா, எனக்கு இன்னொண்ணும் வேணும். அந்த அட்டையைத் தருவியா?"

"முடிஞ்சுபோன அட்டை உங்களுக்கு எதுக்குங்கய்யா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே பழுப்பேறிய ஓர் அட்டை இருந்தது. அதே ஆஸ்பத்திரி. அதே ஆறு கட்டம். ஒன்றில்கூட முத்திரை இல்லை.

"யாரோடதுங்க?"

"என் வீட்டுக்காரியோடது." தையல்காரம்மாவின் அட்டையை வாங்கி, அதன் பக்கத்தில் வைத்தார். "நீங்க இருக்கும்போது எனக்கு ஆஸ்பத்திரி எதுக்குன்னு கேட்டா. எனக்கும் பெருமையா இருந்துச்சும்மா. சரின்னுட்டேன்."