உடைத்த கிண்ணம்

“இவ்வளவு அழகான கிண்ணத்தை ஏம்ப்பா உடைச்சாங்க?” என்று புத்தகத்தில் படம் பார்த்து லோயிஸ் ஒருநாள் கேட்டிருந்தாள்.

“அந்தக் காலத்து ரோம்ல நம்ம கிறிஸ்தவ ஜனங்க, தங்கம் பதிச்ச அடிப்பாகத்த மட்டும் உடைச்செடுத்து, கல்லறைச் சுவத்து ஈரச் சாந்துல அழுத்தி வைப்பாங்கம்மா. யார் குழின்னு அடையாளம் தெரியணும்லா?” என்றார் சிலாஸ்.

இன்று மெட்டுகுடா வீட்டில் அவரே சுத்தியலோடு நின்றார். உப்பலில் அரசுத் தொழிற்சாலை ஒன்றில் கண்ணாடி ஊதும் வேலை அவருக்கு. தங்கத் தகட்டில் மீனும் நங்கூரமும் வெட்டி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே உருக்கிப் பதித்த கிண்ணங்களில், மூன்று வருஷத்தில் விரிசல் விடாமல் தேறியது இந்த ஒன்றுதான். பிஷப்புக்குப் பரிசளிக்கத் தருவதாகச் சபைக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முதல் அடியில் விளிம்பு சிதறியது. இரண்டாவது அடி விழும்போது சபைச் செயலாளர் ஸ்டான்லி உள்ளே வந்தார்.

“ஏல, என்ன காரியம் பண்ணுதே?”

அறைந்த அறையில் சிலாஸ் சுவரில் மோதி விழுந்தார். விலாவில் உதை விழுந்தது.

“நாளைக்கு பிஷப் முன்னால என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க? யாருக்குல இதை உடைச்சே?”

யார் கேட்டாலும் சொல்வதில்லை என்று சிலாஸ் ஜெபத்தில் முடிவு செய்திருந்தார். “அடிப்பாகத்த மட்டும் மிதிச்சிராதீங்க அண்ணாச்சி” என்றார். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

“இனிமே சபைப் படி ஏறிராத. ஏறினா கால ஒடிச்சிருவேன்.” இன்னொரு உதையோடு ஸ்டான்லி போனார்.

சிலாஸ் பெட்டியைத் திறந்து லோயிஸின் வெள்ளைக் கவுனை எடுத்தார். கலவரக் கூட்டம் பஸ்மீது கல்லெறிந்த அன்று அவள் போட்டிருந்தது. எத்தனை முறை துவைத்தும் அதிலிருந்த ரத்தக்கறை போகவில்லை.

கண்ணாடியை அதில் சுற்றிக்கொண்டு, சபையின் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி, மல்காஜ்கிரியில் இருந்த முனிசிபாலிட்டி இடுகாட்டுக்கு நொண்டி நொண்டி நடந்தார்.

பெயர் எழுதாத ஒரு மண்மேட்டின் தலைமாட்டில் காலையில் அவர் பூசிவிட்டுப் போன சாந்து இன்னும் ஈரமாக இருந்தது. மீனையும் நங்கூரத்தையும் அதில் அழுத்திப் பதித்தார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. மண்டியிட்டார்.

“உங்க பேரு எனக்குத் தெரியாதுங்க ஐயா. எங்க பிள்ள மேல விழ வேண்டிய கல்லையெல்லாம் நீங்க உங்க முதுகுல வாங்கிட்டீங்க” என்றார்.

“லோயிஸ் இன்னைக்கு ஸ்கூலுக்குப் போயிட்டா.”